ஆறுக்கு ஆறு

ஜூன் 4

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. கண்ணாடி மூக்கில் கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு வருஷமாக என் கண்ணை நீங்கள் சோதிக்கவே இல்லை. பிறகு எப்படிப் பவர் இவ்வளவு சரியாக அமைந்தது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லவா போகிறீர்கள்? எதைக் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

போனில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று உங்கள் அக்கா கேட்டாராம். போனில் நீங்கள் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவீர்கள், நான் வெறும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். கடிதம் என்றால் மௌனத்தை மடித்து உறையில் போட முடியாது, நாலு வரியாவது எழுதியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். இன்சூரன்ஸ் ஆபீஸை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போது கம்ப்யூட்டரில் போக்கர் ஆடுகிறேன். உதட்டைப் பிதுக்க வேண்டாம், இங்கிருந்தே தெரிகிறது. எனக்கு இது பழைய வேலையேதான். அங்கே எந்த வயதுக்காரர் எப்போது சாவார் என்று கணக்குப் போட்டேன். இங்கே எந்த ஆள் எப்போது எழுந்து ஓடுவார் என்று கணக்குப் போடுகிறேன்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறர் கண்ணில் படாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால் மற்றவர்கள் அதற்கு ஈடு கட்ட வேண்டும். மனமில்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். எதிராளியின் முகம் தெரியாது. அதனால் என் கம்ப்யூட்டர் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று எண்களைக் காட்டுகிறது: நூறு ஆட்டத்தில் எத்தனை முறை இறங்குகிறார், நாம் ஏற்றினால் எத்தனை முறை விலகுகிறார், கடைசி வரை இருந்து சீட்டைத் திறந்து பார்ப்பது எத்தனை முறை. இந்த மூன்றும் போதும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை தலைக்குப் பக்கத்தில் இப்படி மூன்று எண் தெரிந்தால் எவ்வளவு சௌகரியம்.

போன வாரம் ஒரு மத்தியானம் சும்மா இருந்தபோது உங்களுக்கும் எண் போட்டேன். பதினொரு வருஷத்தில் பெரிய சண்டை என்று நினைவுக்கு வந்தவை ஐம்பது. நான் குரலை ஏற்றியதும் 'கடையில ஆள் வந்திருக்கு' என்று மாடியிலிருந்து படியிறங்கிப் போனது நாற்பத்தேழு முறை. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு விலகல். இவ்வளவு விலகுகிறவரை எங்கள் மேசையில் இரண்டு சீட்டும் இல்லாமலேயே ஜெயித்துவிடலாம்.

கடைசித் தடவை நானே கீழே இறங்கி வந்தேன், பெட்டியோடு. கடை வாசலில் நின்று 'நான் போறேன்' என்றேன். நீங்கள் நாற்காலியில் இருந்தவர் கண்ணில் லென்ஸைப் போட்டு, 'இது தெளிவா, அதுவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். திரும்பவில்லை.

ஜனவரியில் அனுப்பிய விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தும் போடவில்லை, கிழித்தும் போடவில்லை. ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்.

இங்கே மேசையில் என் பெயர் 'கணக்குப்பிள்ளை'. பெயர் கேட்டபோது வேறெதுவும் சட்டென்று வாயில் வரவில்லை. அதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
புதுக் கண்ணாடி போட்டவள்


ஜூன் 15

கணக்குப்பிள்ளைக்கு அன்புடன் எழுதுவது,

உன் பவரைக் கண்டுபிடிக்க உன் கண் தேவைப்படவில்லை. போன வருஷத்துக் கடிதங்களையும் இந்த வருஷத்துக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. கிட்டத்தில் வைத்துப் படிக்க ஒன்றேகால் பவர் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. உனக்கு எண்கள் என்றால் எனக்கு இது.

கடையில் விசேஷம் என்றால் நம் பஸ் கண்டக்டர்தான். வேலை போய்விடக் கூடாதே என்று, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து மூன்று வருஷம் என்னை ஏமாற்றிய மனிதர். கடைசி வரியை யாராவது கடகடவென்று ஒப்பித்தால் பொய் என்று அர்த்தம். நிஜமாகப் படிக்கிறவர்கள் தயங்குவார்கள். இப்போது கண் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். கடைசி வரியைத் தயங்கித் தயங்கிப் படித்தார், ஒரு எழுத்தும் தப்பவில்லை. 'ஆறுக்கு ஆறு. ஆறு மீட்டர்ல தெரிய வேண்டியது ஆறு மீட்டர்லயே தெரியுது. இனிமே நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல' என்றேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சொட்டு மருந்து போட்டதால்தான் என்று சாதித்தார்.

மாடியில் உன் அலமாரியை நேற்றுத்தான் திறந்தேன், பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று. துணியெல்லாம் அப்படியே இருக்கிறது. நீலப் புடவைகூட. அந்தப் பெட்டியில் என்னத்தைத்தான் எடுத்துப் போனாயோ தெரியவில்லை. வேண்டுமானால் எல்லாவற்றையும் அனுப்பி வைக்கிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கட்டும், இடத்தை அடைக்கவில்லை.

உன் ஆட்டத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு ஆளைத் தெரியும் என்று சொல்ல எத்தனை ஆட்டம் பார்க்க வேண்டும்? விலகிவிட்டால் எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டுமா, வேண்டாமா?

பத்திரம் லென்ஸ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
கண்ணாடிக்காரன்


ஜூலை 2

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

பத்திரம் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி. சாமர்த்தியம்தான். நான் கேட்டது பத்திரத்தின் நலம் அல்ல.

துணிகளை அனுப்ப வேண்டாம்.

உங்கள் சந்தேகங்களுக்குப் பதில். ஆயிரம் ஆட்டம். அதற்குக் குறைந்து யாரையும் நம்பக் கூடாது. முதல் ஐம்பதில் கோழை சூரனாகத் தெரிவான், சூரன் பைத்தியமாகத் தெரிவான். ஆயிரம் தாண்டினால் வேஷம் கலைந்துவிடும், யாராலும் அவ்வளவு நேரம் நடிக்க முடியாது. இரண்டாவது கேள்வி: நீங்கள் விலகிவிட்டால் நான் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. என் கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பார்க்க வேண்டுமானால் ஈடு கட்டிவிட்டு முடிவு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் கையில் ஒன்றுமே இல்லாமல் ஏற்றி மிரட்டவும் முடிகிறது. பெரும்பாலோர் பயந்து போய்விடுவார்கள்.

என் அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாலாவது மாடி. இரண்டு திரை, ஒரு மேசை, சக்கரம் வைத்த நாற்காலி. ஒரு சக்கரம் சுற்றாது. ஜன்னலுக்கு எதிரே சலவைக்கடை. எனக்கு எந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலும் பொத்தானில் கண்ணாடி துடைக்கும் துணி மாட்டியிருக்கிறதா என்று தேடத் தோன்றும். இது என் புலம்பல், இதற்குப் பதில் தேவையில்லை.

சில்லறைக் காசு மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் '6_6'. என்றைக்கோ கையில் ஜோடி ஆறு வந்து ஜெயித்திருப்பார், அந்தச் சந்தோஷத்தில் வைத்த பெயர். ஆடத் தெரியவே தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு வருவார், நாலுக்குப் போய்விடுவார். நடுவில் திடீரென்று இரண்டு நிமிடம் காணாமல் போவார். இருநூறு ஆட்டம்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
நாலாவது மாடி


ஜூலை 13

கணக்குப்பிள்ளைக்கு,

நாற்காலிச் சக்கரத்தில் முடியோ நூலோ சிக்கியிருக்கும். கவிழ்த்துப் போட்டு, மெல்லிய கத்தரியால் வெட்டி எடு. எண்ணெய் விடாதே, தூசியைச் சேர்க்கும்.

அந்த ஜோடி ஆறுக்காரர் பாவம், கற்றுக்குட்டியாக இருக்கலாம். சலித்துக்கொள்ளாதே. எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. ஆயிரம் ஆட்டம் ஆனபிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு எழுதுவாயா? உனக்குத் தோன்றுவதை அப்படியே எழுது, மழுப்பாமல்.

சலவைக்கடை பற்றி எழுதியதற்குப் பதில் தேவையில்லை என்றாய். சரி. ஆனால் படித்தேன். மூன்று தடவை.

அன்புடன்,
கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

சக்கரம் சுற்றுகிறது. நூல்தான், சிவப்பு நூல்.

ஜோடி ஆறைப் பற்றிக் கேட்டீர்கள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆகிவிட்டது. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஏற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை விலகிவிடுகிறார், பூனைக்குட்டி மாதிரி. நான் ஏற்றினால் மட்டும் நகர மாட்டேன் என்கிறார். என்னிடம் விலகியது நூற்றுக்கு மூன்று. கையில் குப்பையை வைத்துக்கொண்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும், ஈடு கட்டி ஈடு கட்டிக் கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்திருக்கிறார். என் சீட்டு திறந்ததும், சரி என்பது போல அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுகிறார். என் மிரட்டல் எதுவும் அவரிடம் செல்லவில்லை. ஒன்றுமில்லாமல் நான் ஏற்றிய அத்தனை தடவையும் பிடித்துவிட்டார். அந்த மேசையில் என்னைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

சிரிக்காதீர்கள், ஒரு நொடி நீங்களோ என்று நினைத்தேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், செவ்வாய்க்கிழமை வருவதில்லை, உங்களுக்கும் செவ்வாய் விடுமுறை. அப்புறம் எண்ணைப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூற்று நாலு எங்கே, மூன்று எங்கே. எண் பொய் சொல்லாது. உலகத்தில் யாராக இருந்தாலும் அது நீங்கள் இல்லை.

அதனால் பயம் வந்தது. ஒருவரிடம் மட்டும் வேண்டுமென்றே தோற்றால் இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டி, இருவர் கணக்கையும் மூடிவிடுவார்கள். இது என் பிழைப்பு. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நானே தளத்துக்காரர்களுக்குப் புகார் எழுதிவிட்டேன், எண்களோடு.

நேற்று இரண்டு மணிக்கு அவர் நாற்காலி காலியாக இருந்தது. இன்றும்.

உண்மையைச் சொல்கிறேன். புகார் எழுதிய கையோடு எனக்கு அழுகை வந்தது. ஒரு முகம் தெரியாத ஆள் தினமும் இரண்டு மணிக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, நான் என்ன வைத்திருக்கிறேன் என்று பார்க்காமல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது எனக்குப் பழகிவிட்டது. இப்போது ஒன்றே முக்காலுக்கே தலை வாரிக்கொண்டு உட்காருகிறேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். இந்த இரண்டு வருஷமாக நான் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் புரிந்தது.

இப்படியே இருக்க முடியாது. பத்திரத்துக்குச் செப்டம்பர் முதல் தேதி வரை பார்ப்பேன். பதில் இல்லை என்றால், வழக்கம்போல விலகிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 18

என் கணக்குப்பிள்ளைக்கு,

உன் வீட்டு முகவரிக்கு நான் எழுதியதிலேயே நீளமான கடிதம் இதுவாக இருக்கும். மூன்று பேனா மாற்றிவிட்டேன்.

நீ எழுதிய எண்கள் சரி. முடிவு மட்டும் தப்பு. ஜோடி ஆறு இல்லை அது. ஆறுக்கு ஆறு. பதினொரு வருஷம் நம் கடைச் சுவரில் அட்டையின் கடைசி வரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததுதான். நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய் என்று அந்தப் பெயரை வைத்தேன். கண்டுபிடித்து எழுந்து போய்விடுவாயோ என்று தினமும் பயந்தேன். நீ அதில் சீட்டுக்கட்டு ஆறைத்தான் பார்த்தாய்.

உன் ஜூன் கடிதத்தில் மேசையில் உன் பெயர் என்ன என்று எழுதியிருந்தாய். அந்தத் தளத்தில் பெயரைத் தேடினால் எந்த மேசையில் இருக்கிறாய் என்று காட்டிவிடுகிறது. முதல் நாள் சும்மா பக்கத்தில் நின்று பார்த்தேன். கணக்குப்பிள்ளை ஏற்றினாள், எல்லோரும் விலகினார்கள், நீ சீட்டைக் காட்டாமலே அடுத்த ஆட்டத்துக்குப் போனாய். எனக்கு என்னவோ செய்தது. மறுநாள் உட்கார்ந்துவிட்டேன்.

ஆடக் கற்றுக்கொள்ளவில்லை, ஜெயிக்கவும் ஆசைப்படவில்லை. ஈடு கட்டினால் நீ காட்டியாக வேண்டும் என்று நீயே எழுதினாய். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே உன் ஏற்றத்துக்கு ஈடு கட்டியிருக்கிறேன். 'இது என் முகத்துக்கு எப்படி இருக்கு?' என்று அவர் கேட்க, 'கடைசி வரைக்கும் இருந்து பார்ப்போம்' என்றேன். அவர் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்.

தளத்துக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். அவர் என் மனைவி, நான் யார் என்று அவருக்குத் தெரியாது, தோற்பதற்கு வரவில்லை, பார்ப்பதற்கு வந்தேன் என்று எழுதினேன். என் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். உன்மேல் குற்றமில்லை என்று அவர்கள் எழுதிய பதிலை இதோடு வைத்திருக்கிறேன். உன் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தேன், தெரியாமல் செய்தது. மன்னித்துக்கொள்.

நீ பெட்டியோடு வந்து நின்ற நாளைப் பற்றி ஒரு தடவையும் நான் பேசியதில்லை. நாற்காலியில் இருந்தவருக்கு அன்று ஒரே லென்ஸைத்தான் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கை தானாக வேலை செய்தது. 'இது தெளிவா, அதுவா?' என்று நாலாவது தடவை கேட்டபோது அவர், 'ரெண்டும் ஒண்ணுதானே சார்' என்றார். அப்போதுதான் திரும்பினேன். வாசலில் நீ இல்லை. தெருமுனை வரை ஓடினேன், பஸ் போய்விட்டிருந்தது. இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீ ஏதாவது பதில் சொல்வாய், அந்தப் பதிலுக்குப் பயந்தேன்.

எனக்குச் சண்டை போடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு நீ அடுத்து என்ன சொல்வாயோ என்ற பயம்தான். பயந்து பயந்து பதினொரு வருஷமும் உன் கையில் என்ன இருந்தது என்று பார்க்காமலே படியிறங்கிப் போனேன். நாற்பத்தேழு முறை என்று எண்ணியிருந்தாயே, அதில் கடையில் நிஜமாகவே ஆள் இருந்தது எத்தனை முறை தெரியுமா? நாலோ ஐந்தோ.

பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். இதை நேராகச் சொல்கிறேன், மழுப்பவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை இல்லை, அதற்கடுத்த செவ்வாய் அங்கே வருகிறேன். நீ ஏற்று. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்று. நீ பேசி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு நகர மாட்டேன். எல்லாம் பேசி முடித்தபிறகும் போடுங்கள் என்று நீ சொன்னால், என் பேனாவாலேயே போடுகிறேன். வேண்டாம், வராதீர்கள் என்றால் ஒரு வரி எழுது.

அன்று உன் கையில் என்ன இருந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்,
கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 25

என் கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கடை வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். மாடி ஏறும்வரை பொறுக்க முடியவில்லை. கடைக்காரம்மா ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

முதலில் கோபம். எனக்குத் தெரியாமல் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கிறீர்கள். நான் தலை வாராத நாளெல்லாம் என் கோபத்தில் சேர்ந்துகொண்டது, திரையில் முகம் தெரியாது என்று தெரிந்தும். அப்புறம் ஜூன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கண்டக்டர் கதையில் ஆறுக்கு ஆறு என்று அப்படியே எழுதியிருக்கிறீர்கள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் எண்ணை வைத்துப் படிக்கிறவள், வீட்டுச் சுவரில் இருந்த எண்ணைக் கோட்டைவிட்டேன். என் கம்ப்யூட்டரில் உங்கள் பெயருக்குக் கீழே நான் எழுதி வைத்த குறிப்பு இன்னும் இருக்கிறது: 'ஆடத் தெரியாதவர். என்னிடம் விலகவே மாட்டார்.' அழிக்க வேண்டும் என்று போனேன், அழிக்கவில்லை.

கேட்டீர்கள், காட்டுகிறேன். ஈடு கட்டிவிட்டீர்கள், இனி நான் மறைக்கக் கூடாது.

அன்று பெட்டி காலி.

உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. அதனால்தான் அலமாரியில் எல்லாம் அப்படியே இருக்கிறது, நீலப் புடவைகூட. பஸ் டிக்கெட் எடுக்கவில்லை, போக ஓர் இடமும் யோசித்து வைக்கவில்லை. நீங்கள் எழுந்து வந்து பெட்டியை வாங்கியிருந்தால் கனமே இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சிரித்திருப்பீர்கள், நான் ஒரு மூச்சு அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். என் வாழ்க்கையிலேயே பெரிய மிரட்டல் அது. நீங்கள் ஒருவர்தான் அதைப் பிடித்திருக்க வேண்டும். வாசலில் எண்பது வரை எண்ணினேன். அதற்கப்புறம் வெறும் பெட்டியோடு மாடிப்படி ஏறக் கூச்சமாக இருந்தது. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். முதல் வாரம் முழுக்க ஒரே உடுப்பைத் துவைத்துத் துவைத்துக் கட்டினேன்.

இரண்டு வருஷத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் போகவே நினைக்கவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை வாருங்கள். பேச நிறைய இருக்கிறது, அதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. பத்திரத்தையும் எடுத்து வாருங்கள், அதையும் மேசைமேல் வைத்துக்கொண்டே பேசுவோம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய் என்பது ஒரே ஒரு ஆட்டம். அதை வைத்து நான் யாரையும் நம்ப மாட்டேன், என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆயிரம் வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்றால் பத்தொன்பது வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடியும் ஏறித்தான் வர வேண்டும். பெட்டியை நீங்கள் வரும்போது கதவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். இந்தத் தடவையாவது தூக்கிப் பாருங்கள்.

உங்கள்,
கணக்குப்பிள்ளை